308 இல்லை, 176தான்: எம்.எல்.ஏ. ஓட்டு மதிப்புக் கணக்கு

திருமங்கலத்திலிருந்து கேட்ட தம்பிக்கு,

குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு உங்களுக்கு 308 வருகிறது, புத்தகத்தில் 176 என்று இருக்கிறது என்கிறீர்கள். வகுத்தது சரிதான், எடுத்த மக்கள்தொகைதான் வேறு. நீங்கள் 2011 கணக்கைப் போட்டிருக்கிறீர்கள். 1971 கணக்கைப் போட வேண்டும்.

அன்றைய தமிழகம் 4,11,99,168 பேர். அதை 234ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1000ஆல் வகுங்கள்: 176. நம் மதுரை மாவட்டத்தின் பத்து எம்.எல்.ஏ.க்களுக்கும் சேர்த்து 1,760.

ஏன் 1971? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களின் பலம் குறைந்துவிடக் கூடாது என்று 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் மக்கள்தொகையை 1971 கணக்கிலேயே நிறுத்தி வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. நமக்கு இது மிக நியாயமான ஏற்பாடு என்பேன்.

எம்.பி. ஓட்டின் மதிப்புக்கு, எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2022இல் 5,43,231ஐ 776ஆல் வகுத்து 700. நியமன உறுப்பினர்களுக்கும் எம்.எல்.சி.க்களுக்கும் (சட்ட மேலவை உறுப்பினர்கள்) ஓட்டு கிடையாது. தேர்வில் அடிக்கடி சறுக்குகிற இடம் இது.

அப்புறம், ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2 என விருப்ப வரிசை எழுதுவார்கள். செல்லுபடியான மதிப்பில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால், கடைசி ஆளை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். 1969இல் வி.வி.கிரி அப்படித்தான் ஜெயித்தார்.