திருச்சி–சிட்னி: 11 மணி நேரமா, இருபத்தொன்றரையா?

மன்னார்குடியிலிருந்து அம்மா தனியாக டிசம்பரில் சிட்னி வருகிறார், இணையத்தில் 11 மணி நேரம் என்று போட்டிருக்கிறது, டிக்கெட்டில் இரவு 10.30க்குத் திருச்சி, மறுநாள் இரவு 8க்கு சிட்னி என்றிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 11, நேர்க்கோட்டில் சுமார் 9,100 கி.மீ. என்று வைத்துப் போட்ட கணக்கு. அப்படி நேரடி விமானமே கிடையாது. சிங்கப்பூர் வழியாகப் போனாலும் தூரம் 200 கி.மீ.கூட அதிகமாகாது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டிசம்பரில் சிட்னி இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். அதைக் கழித்தால் 16 மணி நேரம்தான். அதில் பறப்பது ஏறக்குறைய 12, மிச்சம் சிங்கப்பூரில் காத்திருப்பு.

வீல்சேர் வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், என் அத்தை மாதிரி மாவடு ஜாடியைச் சேலைக்குள் சுற்றி ஒளிக்க வேண்டாம். சிட்னி விமான நிலையச் சோதனையில் கேட்கும்போது காட்டிவிட்டால் அபராதம் இல்லை. மிஞ்சிப்போனால் ஜாடி போகும்.