முன்னாள் அதிபர் மீதான குற்ற வழக்கு: வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

கேள்வி: அதிபராக இருந்தவரைக் குற்ற வழக்கில் விசாரிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது?

எந்த இடத்திலும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் பேசியதற்காக அவர்கள்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தவர்கள், அதிபருக்கு அப்படியொரு வரி எழுதவில்லை. எனவே, 2020 தேர்தல் தோல்வியை மாற்ற முயன்றதாக வாஷிங்டனில் தொடரப்பட்ட குற்ற வழக்கில், அப்போது முன்னாள் அதிபராக இருந்த டொனால்ட் டிரம்பின் தரப்பு, அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டையும் (நாடாளுமன்றம், அதிபர், நீதிமன்றம் ஆகியவை ஒன்றன் அதிகாரத்தில் மற்றொன்று தலையிடக் கூடாது என்பது) உச்ச நீதிமன்றத்தின் 1982ஆம் ஆண்டு நிக்சன் எதிர் பிட்ஸ்ஜெரால்ட் தீர்ப்பையும் துணைக்கு அழைத்தது. வேலையிழந்த விமானப்படை ஊழியர் ஒருவர் தொடுத்த அந்த இழப்பீட்டு வழக்கில், பதவிக் கடமையின் வெளிவிளிம்பு வரையிலான செயல்களுக்காக அதிபரிடம் இழப்பீடு கேட்க முடியாது என ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் குற்ற வழக்கைவிட இழப்பீட்டு வழக்கில் பொதுநலன் குறைவு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தவிர, முன்னாள் அதிபர் மீது வழக்கே தொடர முடியாதென்றால், வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய நிக்சன், அடுத்து வந்த அதிபர் போர்டு 1974 செப்டம்பரில் வழங்கிய மன்னிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டிய தேவை என்ன? சட்ட வாசகத்தையும் வரலாற்றையும் மட்டும் எடைபோட்டால் அரசுத் தரப்பின் வாதமே வலுவானது என்பது என் கணிப்பு.

கேள்வி: பதவிநீக்க விசாரணையில் செனட் (நாடாளுமன்ற மேலவை) டிரம்பை விடுவித்துவிட்ட பிறகு அதே விவகாரத்துக்காக மறுபடியும் வழக்குப் போடலாமா?

போடலாம். டிரம்ப் தரப்பு முன்வைத்தவற்றுள் மிகப் பலவீனமான வாதம் இதுதான். செனட்டில் தண்டிக்கப்பட்டவர் அதன் பிறகும் நீதிமன்ற விசாரணைக்கு உட்பட்டவரே என்ற அரசமைப்புச் சட்ட வரியைத் தலைகீழாக வாசித்து, தண்டிக்கப்படாதவரை விசாரிக்கவே கூடாது என்றார்கள். 2021 பிப்ரவரியில் செனட்டின் 100 உறுப்பினர்களில் 57 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தும் மூன்றில் இரு பங்கு எட்டப்படவில்லை. விடுவித்தவர்களிலும் பலர், அவர் பதவியில் இல்லை என்பதையே காரணமாகக் காட்டினர். அரசியல் எதிரியைக் கொல்லும்படி கடற்படையின் சிறப்புப் படைக்கு ஆணையிட்டால் என்ன என்று மேல்முறையீட்டு நீதிபதி புளோரன்ஸ் பான் கேட்டபோது, முதலில் நாடாளுமன்றம் குற்றம் சாட்டித் தண்டித்திருக்க வேண்டும் என்றே டிரம்பின் வழக்கறிஞரால் பதில் சொல்ல முடிந்தது. இந்த வாதத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

கேள்வி: அப்படியானால் உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை 1 தீர்ப்பில் அவருக்குக் கிடைத்தது என்ன?

ஆறுக்கு மூன்று என்ற அந்தத் தீர்ப்பு, செயல்களை மூன்றாகப் பிரித்தது: அரசமைப்பு அதிபருக்கே தனித்துத் தந்த அதிகாரங்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு, மற்ற அலுவல் செயல்களுக்குக் குறைந்தது அனுமான அளவிலான (அரசுத் தரப்பு முறியடிக்கும் வரை நிற்கும்) விலக்கு, சொந்தச் செயல்களுக்கு விலக்கில்லை. செய்தித்தாள்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டன. வழக்கு நடத்துபவருக்கு உண்மையான இடி அடுத்த இரண்டு விதிகளில் இருக்கிறது. ஒரு செயல் அலுவல் சார்ந்ததா என்று பார்க்கும்போது அதன் உள்நோக்கத்தை ஆராயக் கூடாது. விலக்குப் பெற்ற செயலை, வேறொரு சொந்தக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாகவும் பெரும்பாலும் பயன்படுத்தக் கூடாது. பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி ஏமி கோனி பாரட்டே இந்தக் கடைசிப் பகுதியில் சேரவில்லை. லஞ்ச வழக்கில், வாங்கிய பணத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அதற்குக் கைம்மாறாகச் செய்த அலுவல் செயலைப் பற்றிப் பேசாமல் எப்படி வழக்கை நிரூபிப்பது என்பது அவருடைய கேள்வி. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

நடைமுறையில் பாருங்கள்: 2021 ஜனவரி 2 அன்று ஜார்ஜியா மாநிலத் தேர்தல் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று டிரம்ப் சொன்னார். பேசியவர் அதிபரா, வேட்பாளரா? மாநில அதிகாரிகளுடனான இத்தகைய தொடர்புகளைத் தரம்பிரிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம், வாஷிங்டன் வழக்கை விசாரித்த கீழ்நீதிமன்ற நீதிபதி டான்யா சட்கனிடமே திருப்பி அனுப்பியது. நீதித்துறை (அரசின் சட்ட அமைச்சகம்) அதிகாரிகளோடு டிரம்ப் நடத்திய பேச்சுகளுக்கு மட்டும் முழு விலக்கு என்று தானே முடிவு செய்தது. ஆகஸ்டில் அரசின் சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் தாக்கல் செய்த திருத்திய குற்றப்பத்திரிகையில் அந்தப் பகுதி இடம்பெறவில்லை. நான்கு குற்றச்சாட்டுகளும் அப்படியே தொடர்ந்தன.

கேள்வி: நியூயார்க் தண்டனையையும் இந்தத் தீர்ப்பு பாதிக்குமா?

டிரம்ப் குற்றவாளி எனத் தீர்ப்பான அந்த வழக்கின் மையம், ஆபாசப் பட நடிகை ஒருவர் வாய் திறக்காமலிருக்க அவருடைய வழக்கறிஞர் கொடுத்த 1,30,000 டாலர் தொகையைத் திருப்பிக் கொடுத்ததை மறைக்க எழுதிய பொய்க் கணக்கு. அது சொந்த விவகாரம். அலுவல் செயல்களைப் பற்றி வெள்ளை மாளிகை ஊழியர் சொன்ன சாட்சியத்தை ஜூரி கேட்டது என்பதே எதிர்வாதம். மற்ற சாட்சியங்களே குவிந்து கிடந்ததால் இந்த வாதம் பலவீனமானது என்றாலும் அற்பமானது அல்ல.

கேள்வி: வாஷிங்டன் வழக்கு கைவிடப்பட்டதால் அவர் நிரபராதி ஆகிவிட்டாரா?

இல்லை. பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்பது 1973 முதல் நீதித்துறை கொண்டுள்ள நிலைப்பாடு. டிரம்ப் மீண்டும் அதிபராகத் தேர்வானதால், அதன்படியே 2024 நவம்பர் 25 அன்று வழக்கு திரும்பப் பெறப்பட்டது. மீண்டும் தொடரத் தடையில்லாத வகையிலேயே சட்கன் அதை முடித்தார். பதவிக்கால விலக்கு தற்காலிகமானது என்றும் எழுதினார். ஆனால் பெரும்பாலான கூட்டாட்சிக் குற்றங்களுக்கு ஐந்தாண்டுக் காலவரம்பு உண்டு; பதவியில் இருக்கும் ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேருமா என்பதை உச்ச நீதிமன்றம் இன்னும் தீர்மானித்ததில்லை.