ஏழு நாள், இருபது டைவ்: காது தாங்குமா?

கேள்வி: எனக்கு 49 வயது. ஸ்கூபா டைவிங் கற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இதுவரை 30 டைவ் செய்திருக்கிறேன். அடுத்த மாதம் நண்பர்களுடன் லைவ்அபோர்ட் பயணம் போகிறேன். ஏழு இரவும் படகிலேயே தங்கி, தீவு தீவாகப் போய் பவளப்பாறைகளில் இறங்குவோம். ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் நான்கு டைவ். மொத்தம் இருபது இருக்கும். போன முறை சளியோடு, மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினேன். மேலே வரும்போது காதில் உயிர் போகிற வலி. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் மெட்டோப்ரோலாலும் சாப்பிடுகிறேன். படகு ஆடினால் குமட்டும். கடைசி நாள் காலை 7 மணிக்கு ஒரு டைவ், அன்றிரவு 11 மணிக்கு விமானம். நான் போகலாமா?

பதில்: காதையும் இதயத்தையும் பரிசோதித்துக்கொண்டு, ஒரு டைவையும் விட்டுக்கொடுத்தால் போகலாம். உங்கள் கவலையெல்லாம் காது மேல் இருக்கிறது. என் கண் முதலில் போனது அந்த மெட்டோப்ரோலால் மேல். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் காது, ஏனென்றால் இந்த மாதிரிப் பயணத்தில் பலரையும் பாதியில் கரையேற்றி உட்கார வைப்பது அதுதான்.

மேலே வரும்போது வலித்தது என்கிறீர்களே, அது முக்கியம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகி, நடுக்காதில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். மூக்கைப் பிடித்து ஊதும்போது, மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் யூஸ்டேசியன் குழாய் வழியாகக் காற்றை அனுப்பி அந்தக் குறையை நிரப்புகிறீர்கள். ஏறும்போது அந்தக் காற்று விரிந்து, அதே வழியில் தானாக வெளியே வரவேண்டும். நீங்கள் போட்ட மாத்திரை குழாயின் வீக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்கு வற்ற வைத்தது, அதனால் இறங்க முடிந்தது. கீழே இருக்கும்போதே மருந்தின் வேகம் தீர்ந்திருக்கும். குழாய் மறுபடி வீங்க, காற்று உள்ளே மாட்டிக்கொண்டது. இறங்கும்போது அடைத்தால் திரும்பி மேலே போய்விடலாம். ஏறும்போது அடைத்தால்? சிலிண்டரில் காற்று இருக்கும் வரைதான் அவகாசம். அதனால் சளி பிடித்த அன்று மாத்திரையும் வேண்டாம், டைவும் வேண்டாம். மறுபடி அப்படி மாட்டிக்கொண்டால், கூட வருபவருக்கு சைகை காட்டிவிட்டு ஒரு மீட்டர் கீழே இறங்கி, எச்சிலை விழுங்கி, தாடையை அசைத்துப் பார்த்து, மெல்ல மெல்ல ஏறுங்கள்.

இறங்கும்போது பலர் செய்யும் தவறு, வலி வந்த பிறகு ஊதுவது. சுமார் ஒன்றேகால் மீட்டர் வித்தியாசத்திலேயே அந்தக் குழாயின் வாய் அழுந்தி மூடிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு முக்கி ஊதினாலும் திறக்காது. முக்கினால் உட்காதுதான் கிழியும். தண்ணீர்ப் பரப்பிலேயே ஒரு முறை, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் முன்னதாகவே மெதுவாக ஊதுங்கள். கால் கீழே இருக்கும்படி, கயிற்றைப் பிடித்து இறங்குவது நல்லது. மற்றவர்கள் உங்களுக்காக இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கிளம்புவதற்கு முன் ஈ.என்.டி மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். அவர் கருவி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதச் சொல்வார். முத்து நிறத்தில் பளபளக்கும் செவிப்பறை அப்போது லேசாக வெளியே புடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் புடைத்தால் போன முறை நடந்ததால் நிரந்தரச் சேதம் இல்லை என்று ஓரளவு நம்பலாம். அசையாமல் இருந்தாலோ, ஓட்டை தெரிந்தாலோ, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாம், நான்காம் நாளில் வேறொரு காதுவலி கிளம்பும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய காதுத் துளையின் தோலில் கிருமி பிடிப்பதால் வருவது இது. கண்டுபிடிப்பது எளிது. காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு குருத்தெலும்பை விரலால் அழுத்துங்கள். ‘ஆ’ என்று கத்தினால் வெளிக்காதில் தொற்று. அழுத்தியும் வலி கூடவில்லை, உள்ளே அடைத்த மாதிரி மட்டும் இருக்கிறது என்றால் கோளாறு நடுக்காதில். செவிப்பறை முழுதாக இருப்பவர்கள் 2 சதவீத அசிடிக் அமிலச் சொட்டு மருந்தை காலையில் முதல் டைவுக்கு முன்பும், இரவில் கடைசி டைவுக்குப் பின்பும் விட்டு, ஒவ்வொரு காதிலும் ஐந்து நிமிடம் நிற்கவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. பட்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சரி, மெட்டோப்ரோலால். டெல்மிசார்டனால் டைவிங்குக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. மெட்டோப்ரோலால் நாடித்துடிப்பை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாது. நடைப்பயிற்சியில் இது தெரியவே தெரியாது. எதிர் நீரோட்டத்தில் துடுப்பை உதைத்து நீந்தும்போதுதான் உடம்பு கேட்பதை இதயத்தால் கொடுக்க முடியாமல் போகும். இன்னொன்று: தண்ணீரில் இறங்கியதும் கால்களில் இருக்கும் ரத்தம் அரை லிட்டருக்கு மேல் மார்புப் பக்கம் ஏறிவிடும். (தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஏன் சிறுநீர் முட்டுகிறது என்று யோசித்திருப்பீர்கள். ரத்தம் மிஞ்சிவிட்டது என்று இதயம் ஏமாந்துபோய், வெளியேற்றச் சொல்கிறது.) ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, அதிலும் ஐம்பதை ஒட்டிய வயதில், இந்தக் கூடுதல் பாரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுண்டு. ஆழத்தில் இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், சளியில் நுரையோ ரத்தமோ தெரியும். அப்படி வந்தால் டைவை முடித்துக்கொண்டு படகேறி ஆக்சிஜன் கேளுங்கள். அந்தப் பயணத்தில் மறுபடி தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும். எதற்காக அது எழுதப்பட்டது, மாற்ற முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றினாலும் இல்லாவிட்டாலும், சாப்பிடும் மருந்தோடேயே ஒரு ட்ரெட்மில் சோதனையும் எக்கோவும் (இதய ஸ்கேன்) செய்துகொள்ளுங்கள். அடுத்த மாதம் என்பதால் இந்த வாரமே போவது நல்லது.

அடுத்தது நைட்ரஜன். ஒவ்வொரு டைவிலும் அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது, மேலே வந்தபின் மெதுவாக வெளியேறுகிறது. சில திசுக்கள் சீக்கிரம் விட்டுவிடும், சில இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். ஹால்டேன் என்ற விஞ்ஞானி அழுத்த அறையில் ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-இல் வெளியிட்ட கணக்கிலேயே இந்த யோசனை இருக்கிறது. உங்கள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் அதன் பேரப்பிள்ளை. அது நடுவயதையும், தூக்கக் குறைவையும், குடிக்காமல் விட்ட தண்ணீரையும் அறியாது. ஆகவே நான்காம் நாள் மதியம் டைவ் இல்லாமல் மேல்தளத்தில் படுத்துக்கிடங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏற வேண்டாம். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

மிச்சமிருக்கும் நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாவதுதான் ஆபத்து. டைவ் முடிந்த சில மணி நேரத்தில் தோள் வலித்தால், ‘சிலிண்டர் தூக்கியதால் இருக்கும்’ என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மரமரப்பு, தலைசுற்றல், தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம், காரணமில்லாத அசாத்தியக் களைப்பு, இவற்றில் எது வந்தாலும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் படகில் இருப்பவர்களிடம் உடனே சொல்லிவிடுங்கள். 100 சதவீத ஆக்சிஜன்தான் முதலுதவி, அதன் பிறகு அழுத்த அறைச் சிகிச்சை. படகில் எத்தனை மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது, பக்கத்து அழுத்த அறைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

உங்கள் விமானக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. காலை டைவ் 8 மணிக்கு முடியும், இரவு 11 மணிக்குப் பறக்கிறீர்கள். இடையில் 15 மணி நேரம்தான். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், 24 என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் இரண்டாயிரம் மீட்டர் மலை மேல் நிற்பதற்குச் சமம். மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாவதற்கு அது போதும். முந்தைய நாள் இரவு டைவ் 8 மணிக்கு முடிந்தாலும் 27 மணி நேரம் கிடைக்கிறது. நான் விட்டுக்கொடுக்கச் சொன்னது அந்தக் கடைசி நாள் காலை டைவைத்தான்.

குமட்டலுக்கு சின்னரிசின் போன்ற மாத்திரை உதவும். படகு கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும், வாந்தி தொடங்கியபின் பயனில்லை. தூக்கம் வருகிறதா என்று வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள், வந்தால் டைவுக்கு அது ஆகாது. தண்ணீருக்கடியில் வாந்தி வந்துவிட்டால் ரெகுலேட்டரை (மூச்சு விடும் வாய்க்கருவியை) வாயிலிருந்து எடுக்காதீர்கள், அதற்குள்ளேயே வாந்தி எடுங்கள். வெளியே போய்விடும், மீன்கள் பார்த்துக்கொள்ளும்.