பழைய பைக் வேகத்தில் பின்பக்கம் ஆடுவது ஏன்?

கேள்வி: ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்ப்ளெண்டர். வளைவில் பின்பக்கம் நெளிகிறது, மெதுவாகப் போனால் ஹேண்டில் அலைகிறது. கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) மாற்றியும் சரியாகவில்லை.

எடுத்தவுடன் பாகங்களை மாற்றாதீர்கள். முதலில் டயர். காற்று சரியா, நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் படியுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23வது வாரம்.

வளைவில் நெளிவதற்கு என் முதல் சந்தேகம் ஸ்விங் ஆர்ம் புஷ், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை சேஸிஸோடு சேரும் இடத்தில் உள்ள சிறு உருளை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். இன்னொருவர் ஸ்விங் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்தில் விரல் வைத்திருக்கட்டும். அங்கே மெல்லிய ‘டக்’ தெரிந்தால் புஷ் போய்விட்டது. ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள்.

ஹேண்டில் அலைவது வேறு கதை. புது கோன்செட்டை அதிகமாக இறுக்கினாலும் இப்படித்தான் ஆகும். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை லேசாகத் தள்ளுங்கள். தன் எடையிலேயே இரு பக்கமும் விழ வேண்டும். பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம். ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்கள்) பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது ஆட்டம் இருந்தால் கோன்செட் தளர்வு.

பின்சக்கரத்தில் செயின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் கோடுகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எல்லாம் சரி, ஆனாலும் ஒரு பக்கம் இழுக்கிறதா? அப்புறம் ஃபோர்க் குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வேகம் வேண்டாம்.