டேப் அடித்துப் போங்கள், என்டர் அடித்துத் திரும்புங்கள்

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி பக்கம் ஓர் அரிசி ஆலையில் பதினோரு வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். நெல் வரத்து பூராவும் எக்செல்லில்தான் ஏற்றுகிறோம். பிசான அறுவடை சமயத்தில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது வரி வரை போகும். ராத்திரி மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கிறது. போன மாதம் சேர்ந்த தம்பி மவுசைத் தொடாமலே, நான் பாதி முடிப்பதற்குள் முழுதும் முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறான். மவுசு இல்லாமல் சாவியிலேயே வேலை முடிக்கிற அறுபது ஷார்ட்கட் இருக்கிற ஒரு பட்டியலை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. 46 வயசாகிறது. இனிமேல் வருமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்தப் பட்டியலைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவி எடுங்கள். அறுபதில் ஐம்பது உங்கள் வேலைக்கு ஆகாது. மீதிப் பத்தும் பார்த்துப் படித்து வராது, விரலுக்குப் பழகித்தான் வரும். வயசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எட்டு முழம் பூவைப் பேசிக்கொண்டே தொடுக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு காரியமா?

அந்தத் தம்பி எங்கே நேரத்தை மிச்சம் பிடிக்கிறான் என்று பாருங்கள். தேதி, பெயர், ஊர், ரகம், மூடை, எடை, விலை, தொகை என்று உங்களுக்கு ஒரு வரிக்கு எட்டுக் கட்டம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கை மவுசுக்குப் போய், க்ளிக் செய்து, திரும்பி வந்து, எழுத்து எங்கே என்று குனிந்து பார்க்கிறது. எட்டை நூற்றைம்பதால் பெருக்கினால் ஆயிரத்து இருநூறு தடவை. மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வாரம் இரண்டே சாவி. தேதிக் கட்டத்தில் ஆரம்பியுங்கள். அடித்ததும் டேப். பெயர், டேப். ஊர், டேப். இப்படியே கடைசிக் கட்டம் வரை போய், அங்கே டேப் அடிக்காமல் என்டர் அடியுங்கள். எக்செல் நீங்கள் டேப்பில் கிளம்பிய இடத்தை ஞாபகம் வைத்திருந்து, அடுத்த வரியின் தேதிக் கட்டத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். நடுவில் மவுசையோ அம்புக்குறியையோ தொட்டால் அந்த ஞாபகம் அறுந்துவிடும். தப்பாக அடித்துவிட்டால் ஷிப்ட் + டேப் அடித்துப் பின்னால் போய்த் திருத்துங்கள். சரி, இது ஒன்று கைக்கு வந்தாலே உங்கள் வலியில் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

இரண்டாம் வாரம், அடிக்காமலே நிரப்புவது. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு செமிகோலன் அடித்தால் இன்றைய தேதி விழும். விழுந்த தேதி அப்படியே நிற்கும். சிலர் அதற்கு டுடே ஃபார்முலா போடுவார்கள். வேண்டவே வேண்டாம்! அது தினமும் மாறும். மாசியில் வந்த நெல்லைச் சித்திரையில் திறந்து பார்த்தால் சித்திரையில் வந்ததாகக் காட்டும். மேல் கட்டத்தில் இருப்பதே கீழேயும் வேண்டும் என்றால் கன்ட்ரோல் + டி. பத்தமடையிலிருந்து ஒரே லாரியில் ஆறு பேர் நெல் வந்தால் ஊர்ப் பெயரை ஒரு தடவை அடித்தால் போதும்.

ரகத்துக்கு மட்டும் ஆல்ட் + கீழ் அம்பு பழகுங்கள். அந்த நெடுவரிசையில் ஏற்கெனவே அடித்த பெயர்கள் பட்டியலாக விரியும், எடுத்துக்கொள்ளலாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் 'அம்பை 16' என்று இடம் விட்டு அடிப்பீர்கள், மறுநாள் 'அம்பை16' என்று சேர்த்து அடிப்பீர்கள். உங்களுக்கு இரண்டும் ஒரே நெல். எக்செல்லுக்கு இரண்டு ரகம். கன்ட்ரோல் + ஷிப்ட் + எல் அடித்து ஃபில்டர் போட்டு, ஒரு ரகத்தை மட்டும் பிரித்து மொத்தம் எடுக்கும்போது ஒரு பகுதி ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது, ஓட்டம். கன்ட்ரோலோடு கீழ் அம்பு அடித்தால் தரவு முடியும் வரி வரை ஒரே தாவல். ஷிப்டையும் சேர்த்துப் பிடித்தால் போகிற வழியெல்லாம் தேர்வாகிவிடும். சில நேரம் தாவல் நீண்டு 10,48,576 ஆம் வரியில் போய் நிற்பீர்கள். பதற வேண்டாம், தாளின் கடைசி வரி அது. அங்கிருந்து கன்ட்ரோல் + மேல் அம்பு அடித்தால் நீங்கள் கடைசியாக ஏற்றிய வரிக்கே திரும்பிவிடலாம்.

இந்தத் தாவலுக்கு ஒரு பலவீனம் உண்டு. நடுவில் காலிக் கட்டம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். நான் பட்டது இதில்தான். பாளையங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தபோது, மாதக் கடைசியில் ஆல்ட் + சமக்குறி அடித்து வாடகை மொத்தத்தை எடுத்து நீட்டினேன். அந்தச் சாவி மேலே இருக்கிற எண்களைத் தானே கூட்டிவிடும். ஆனால் காலிக் கட்டம் வரைக்கும்தான் ஏறிப் பார்க்கும். 'பார்க்க அழகாக இருக்கட்டும்' என்று பதினைந்தாம் தேதிக்குக் கீழே நானே ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தேன். மாதத்தின் முதல் பாதி மொத்தமாக விடுபட்டுப் போனது. முதலாளி தாளைப் பார்த்து, "என்னடே, பாதி லாரி ஆத்துல போயிட்டா?" என்றார். அன்றிலிருந்து காலி வரி விடுவதில்லை. மொத்தம் எடுக்கும்போது என்டர் அடிக்கும் முன் எது முதல் எது வரை என்று ஒரு கண் பார்ப்பேன்.

நீங்களும் பெயரை முதல் வரியில் மட்டும் எழுதி, அவருடைய மற்ற மூடைகளுக்குப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுகிற ஆளாக இருந்தால், பழைய தாளை இப்படிச் சரிசெய்யலாம். பெயர் நெடுவரிசையைத் தேர்வு செய்து எஃப்5. வருகிற பெட்டியில் ஆல்ட் + எஸ், அப்புறம் கே, என்டர். காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். எங்கும் க்ளிக் செய்யாமல் சமக்குறி போட்டு, மேல் அம்பு ஒரு தடவை அடித்து, கன்ட்ரோல் + என்டர். நூறு காலி இருந்தாலும் ஒவ்வொன்றிலும் அதற்கு மேலே உள்ள பெயர் வந்து உட்காரும். எல்லாம் ஃபார்முலாவாக இருக்கும், அப்படியே விட்டுவிட்டு வரிசை மாற்றினால் பெயர் குழம்பிவிடும். அதனால் நெடுவரிசையை மறுபடி தேர்வு செய்து கன்ட்ரோல் + சி, கன்ட்ரோல் + ஆல்ட் + வி, பிறகு வி, என்டர். ஃபார்முலா போய் வெறும் பெயர் மட்டும் நிற்கும். முதல் தடவை ஒரு நகல் தாளில் செய்து பாருங்கள். எங்கே சொதப்பினாலும் கன்ட்ரோல் + இசட் இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. கட்டத்தை அழிக்காமல் உள்ளே நுழைந்து திருத்த எஃப்2. இறக்குக் கூலி விகிதம் ஒரே கட்டத்தில் இருந்து, ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அது நகரக் கூடாது என்றால், ஃபார்முலாவுக்குள் அந்தக் கட்டத்தின் முகவரியில் நின்று எஃப்4 அடித்து டாலர் குறி போடுங்கள். லேப்டாப் என்றால் இந்த எஃப் சாவிகளுக்குப் பல மாடல்களில் எஃப்என் சாவியையும் பிடிக்க வேண்டும். தமிழில் பெயர் அடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற விண்டோஸ் சாவி + ஸ்பேஸ். எண்ணுக்குத் தனிப் பலகை இல்லாத லேப்டாப்பில் வேலை செய்கிறீர்களா? யுஎஸ்பியில் செருகுகிற எண் பலகை ஒன்று கேளுங்கள். இந்த ஒரு செலவுக்கு உங்கள் முதலாளி முகம் சுளிக்கக் கூடாது.

மணிக்கட்டு வலி மரமரப்பாக மாறினாலோ விரல் மரத்துப் போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு எக்செல்லில் சாவி கிடையாது.

இன்னொன்று, இந்தப் பழக்கத்துக்கு வந்த பிறகு என்றாவது ஒரு நாள் அம்புக்குறி அடித்தால் கட்டம் நகராமல் தாளே நகரும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடாதீர்கள். ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கும். அந்தச் சாவி உங்கள் கீபோர்டில் இல்லையென்றால் விண்டோஸ் + கன்ட்ரோல் + ஓ அடியுங்கள். திரையில் ஒரு கீபோர்டு வரும், அதில் அணைத்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் மவுசைத் தொட அனுமதி உண்டு.