மெரூன் புடவையும் பரிசலும்: 'புதையல் தீவு' படிப்பவர்களுக்குப் பதில்கள்

முப்பது வருஷம் ஆங்கில வாத்தியாராக இருந்த பாவத்துக்கு, 'புதையல் தீவு' நாவலை ஆங்கிலத்திலேயே படிக்கிறவர்களின் கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதியது. 1881-82இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து, 1883இல் புத்தகமானது. ஜிம் என்ற பையன், ஒற்றைக்கால் சமையல்காரன் சில்வர், ஒரு வரைபடம், ஒரு கப்பல். இவ்வளவு தெரிந்தால் கீழே உள்ளது புரியும். என் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். அதனால் கடல் சமாசாரம் வந்தால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரூரிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 12 வயது. முதல் இரண்டு பக்கத்திலேயே ஏகப்பட்ட சொற்கள் தெரியவில்லை என்கிறாள். எல்லாவற்றுக்கும் அகராதி பார்க்கச் சொல்லவா?

வேண்டாம் அம்மா. அப்படிப் பார்த்தால் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் பிள்ளைக்குக் கதை கசந்துவிடும். 'ஸ்கூனர்' என்று வந்தால் கப்பல் என்று நினைத்துக்கொண்டு போகட்டும். எத்தனை பாய்மரம், எப்படிப் பாய் கட்டுவார்கள் என்பதெல்லாம் இப்போது அவளுக்கு எதற்கு?

திரும்பத் திரும்ப வருகிற சொல்லை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். 'ஸ்பைகிளாஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். கையில் வைத்துப் பார்க்கிற தொலைநோக்கிக்கு அந்தப் பெயர். பிரிஸ்டலில் சில்வர் நடத்துகிற சாராயக் கடைக்கும் அதே பெயர். தீவில் இருக்கிற உயரமான குன்றுக்கும் அதே பெயர். மூன்றாவது தடவை வரும்போது அவளே 'உயரத்திலிருந்து நோட்டம் பார்க்கிற இடம்' என்று சொல்லிவிடுவாள். அத்தியாயம் முடிந்த பிறகு, ஊகம் சரியா என்று பார்க்க அகராதியைத் திறக்கட்டும். தானாக ஊகித்துப் பிடித்த சொல் எளிதில் மறக்காது.

திருச்சி: 'காக்ஸ்வெயின்' என்று வாசித்தேன். நண்பன் சிரிக்கிறான்.

சிரிக்கட்டும், அவனும் ஒரு நாள் அப்படித்தான் வாசித்திருப்பான். 'காக்ஸன்' என்று சொல்ல வேண்டும். சுக்கான் பிடிக்கிறவன். அதே மாதிரி 'போட்ஸ்வெயின்' என்று எழுதியிருந்தால் 'போஸன்'. 'ஃபோர்காஸில்' என்று எழுதியிருந்தால் 'ஃபோக்ஸில்'. கப்பலின் முன்பக்கத்தில் மாலுமிகள் படுக்கிற இடம். மாலுமிகள் வாயில் போட்டு மென்றே பாதி எழுத்தைத் தின்றுவிட்டார்கள். இந்தக் கதையில் வருகிற காக்ஸனின் பெயர் இஸ்ரேல் ஹேண்ட்ஸ். கப்பலில் 'ஹேண்ட்ஸ்' என்றாலே வேலையாட்கள். நாம் 'கையாள்' என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

மதுரை: ஒரு நாளைக்கு எத்தனை சொல் கற்கலாம்?

கதை எத்தனை கொடுக்கிறதோ அத்தனை.

சேலம், புடவைக் கடை நடத்துபவர்: பென் கன் என்பவனைத் தீவில் 'மெரூன்' செய்தார்கள் என்று வருகிறது. என் கடையில் மெரூன் என்றால் கலர். இது என்ன கணக்கு?

இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, வேர் வேறு வேறு. உங்கள் கடை மெரூன் பிரெஞ்சுக்காரர்களின் 'மரோன்' என்ற ஒரு வகைக் கொட்டையின் பழுப்பு நிறத்திலிருந்து வந்தது. பென் கன்னுடைய மெரூன், ஸ்பானிஷ் 'சிமர்ரோன்' என்பதிலிருந்து வந்தது. கட்டறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிய மாட்டுக்கு அந்தப் பெயர். பிறகு தப்பி ஓடிய அடிமைகளுக்கும் அதையே வைத்தார்கள். கடற்கொள்ளையர் வழக்கில், குற்றம் செய்தவனைக் கொஞ்சம் வெடிமருந்தும் குண்டும் கொடுத்து ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டுப் போவது. பென் கன் அப்படி மூன்று வருஷம் கிடந்தவன். ஜிம்மைப் பார்த்ததும் அவன் கேட்பது பாலாடைக்கட்டி இருக்கிறதா என்று. அதைப் படித்த பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

நாகர்கோவில்: சுருக்கப் பதிப்பு 80 பக்கத்தில் கிடைக்கிறது. அதில் ஆரம்பிக்கலாமா?

கூடாது. சுருக்குகிறவர் கதையைத் தொடமாட்டார், சொற்களைத்தான் முதலில் வெட்டுவார். ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்து சில்வரின் சதியைக் கேட்கிற அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீப்பாயின் ஆழம், அடியில் ஒன்றிரண்டு ஆப்பிள்தான் மிச்சம், கப்பல் ஆடுகிறது, பையனுக்குத் தூக்கம் வருகிறது. இதெல்லாம் இருந்தால்தான் பிறகு பயம் வரும். சுருக்கப் பதிப்பில் 'ஜிம் ஒளிந்திருந்து கேட்டான்' என்று ஒரு வரி இருக்கும். (பீப்பாய் என்பதே போர்ச்சுகீசியர் 'பீப்பா'வாகக் கொண்டுவந்து நம்மிடம் விட்டுப்போன சொல்.)

ஈரோடு: 'ஸ்குயர்' என்றால் ராஜாவா?

இல்லை. ஊர்ப் பெரிய மிராசுதார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அப்பா: பையன் கட்டுரையில் 'யூ வாஸ்' என்று எழுதி மார்க் போய்விட்டது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.

இருக்கிறது. பேசுகிறவன் கொள்ளைக்காரன். சில்வரை அவனுடைய ஆட்களே தலைமையிலிருந்து நீக்கி, ஒருபக்கம் கரி பூசிய வட்டக் காகிதத்தில் 'டிபோஸ்ட்' (பதவி நீக்கம்) என்று ஒரே ஆங்கிலச் சொல்லில் எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல்லிலும் 'பி' எழுத்து ஒன்று கூடுதல். யார் பேசுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். கதையில் வருகிற படித்த மனிதர் டாக்டர் லிவ்ஸியிடமிருந்து எடுத்தால் மார்க் வரும், சில்வரிடமிருந்து எடுத்தால் சுவாரசியம் வரும்.

சென்னை: கிளி 'பீஸஸ் ஆஃப் எய்ட்' என்று கத்துகிறதே, எட்டுத் துண்டா?

எட்டு ரியால் மதிப்புள்ள ஸ்பானிஷ் வெள்ளிக்காசு. இந்தக் காசு அமெரிக்காவிலேயே 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது. கடைசியில் ஜிம் குகையில் காசுகளை வகை பிரிக்கிறான். அங்கே வருகிற 'டப்ளூன்', 'இரட்டை' என்ற ஸ்பானிஷ் சொல்லிலிருந்து வந்தது. 'மொய்டோர்', போர்ச்சுகீசிய மொழியில் தங்கக்காசு. 'சீக்வின்', வெனிஸ் நகரத்துத் தங்கக்காசு. அதேதான் இப்போது சுடிதாரில் மினுமினுக்கிறது. தூத்துக்குடியை 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். நாம் சொல்கிற 'துட்டு' அவர்களுடைய 'டெய்ட்' என்ற செப்புக்காசுதான்.

விழுப்புரம்: தினம் எத்தனை சொல் என்று வரையறுத்துக்கொள்வது?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

தருமபுரி: பென் கன்னின் 'கோரக்கிள்' என்ற சின்னப் படகைப் பரிசல் என்று சொல்லலாம்தானே சார்? நான் ஒகேனக்கல் பக்கத்து ஆள்.

தாராளமாக. மரச்சட்டத்தின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தியது என்று கதையில் வருகிறது. நம் பரிசலும் மூங்கில் பின்னலின் மேல் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக்.

ராமேஸ்வரம்: ஏற்க முடியாது ஐயா. பரிசல் ஆற்றுப் பொருள். ஜிம் அந்தப் படகில் போவது கடலில். தோல்படகு என்று போடுங்கள்.

'கோரக்கிள்' என்பதே வேல்ஸ் மொழியிலிருந்து வந்த ஆற்றுச் சொல்தான் தம்பி. அங்கே டெய்வி ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருப்பது அது. ஆற்றுக்குரியதைக் கடலில் இறக்கியதுதான் அந்த அத்தியாயத்தின் வேடிக்கையே. ஜிம் துடுப்புப் போடப் போட அது நேராகப் போவதைத் தவிர மற்ற எல்லாம் செய்யும். சுழலும். பரிசலில் ஏறியவர்களுக்கு அந்தச் சுழற்சி தெரியும். 'தோல்படகு' என்று போட்டால் அது போய்விடும்.

ராமேஸ்வரம்: ஜிம்முக்கு இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பு. பரிசலுக்கு ஒற்றை.

நல்ல கண். ஒத்துக்கொள்கிறேன். போதாததற்கு, பென் கன்னின் படகு ஒழுங்கான வட்டமும் இல்லை, கோணலாக இருக்கிறது. ஆனாலும் பரிசல்தான்.

தருமபுரி: எங்கள் ஊரிலும் கோணல் பரிசல் உண்டு சார்!

புதுச்சேரி: இப்படிப் பெயரை இழுத்து வைத்துத்தானே நம் கட்டுமரம் கெட்டது?

அது உண்மை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதைத்தான் நாம் கட்டுமரம் என்கிறோம். ஆங்கிலத்தில் 'காட்டமரான்' என்று போய், இப்போது இரண்டு உடல் உள்ள சொகுசுப் படகுக்கும் அந்தப் பெயர். ஆனால் அவர்கள் பெயரை மட்டும் எடுத்துப்போனார்கள். நான் பொருள் ஒத்துப்போகிற இடத்தில்தான் பெயர் வைக்கிறேன்.

ராமேஸ்வரம்: இரவல் பெயர் இரவல்தான்.

சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

கடலூர்: தினமும் எத்தனை சொல்...

சுருக்கப் பதிப்பு வாங்காதீர்கள். மற்றதை மேலே பாருங்கள்.

தருமபுரி: சார், ஒரு நாள் வாருங்கள். பரிசலில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுகிறேன். ராமேஸ்வரத்து அண்ணனையும் கூட்டி வாருங்கள்.

வருகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தண்டல் பேரன்தான், நீந்தத் தெரியாது.