பழைய மொறிஸ் மைனரை வீட்டு முற்றத்தில் வைத்தே திருத்தி ஓட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

திருக்கோவிலில் இருந்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: பெரியப்பா விட்டுப்போன 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஆறு வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது, எஞ்சினைப் பிரித்து வேகம் கூட்ட ஆசை, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய முடியுமா என்று.

முடியும். கல்லடியில் என் வளவுக்குள், கிடுகுக் கொட்டிலின் கீழ், அப்பாவின் 1958ஆம் ஆண்டு மைனரைப் பத்தொன்பது வருடமாக நானே பார்த்துவருகிறேன். ஆனால் எஞ்சினில் தொடங்காதீர்கள். முன்சில்லில் தொடங்குங்கள்.

கார் என் கைக்கு வந்த முதல் வருடம் முழுவதும் நான் எஞ்சினோடுதான் கிடந்தேன். காபரேற்றரைக் கழுவினேன், பிளக் மாற்றினேன், மூடியைத் திறந்தால் எல்லாம் பளபளத்தது. ஒரு பின்னேரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்குப் போய்த் திரும்பினேன். பாலத்தைத் தாண்டி, பெரிய வீதியை விட்டு எங்கள் ஒழுங்கைக்குள் வளைத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். காரின் வலது முன்மூலை அப்படியே நிலத்தில் குந்திவிட்டது. இறங்கிப் பார்த்தேன். சில்லு மட்காட்டுக்குள் மடிந்து கிடந்தது. பத்து மைல் வேகம்கூட இருந்திருக்காது. இரண்டு நிமிடம் முந்தியிருந்தால் நாங்கள் பாலத்தின் நடுவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு முன்னால் இருந்திருப்போம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

காரணம் சின்னது. மைனரின் முன்சில்லைத் தாங்கும் நிலைத்தண்டின் கீழ்முனையில் புரி வெட்டியிருக்கும். அது 'ட்ரணியன்' என்கிற கொண்டைக்குள் திருகி நிற்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்தப் புரியில்தான் சுழல்கிறது. கிறீஸ் வற்றினால் புரி தேயும். தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் தண்டு கொண்டையை விட்டுக் கழன்றுவிடும். பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுக்கத் திருப்பும்போதுதான் கழலும் என்பது ஒன்றே ஆறுதல். உடைந்ததைக் காத்தான்குடியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், "காக்கா, இதை ஒட்டித் தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் கையில் வாங்கிப் புரியை விரலால் தடவிப் பார்த்தார். "இது ஒட்டுகிற சாமான் இல்லை, தம்பி. ரெண்டு பக்கத்துக்கும் புதிது வாங்குங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார். அன்று அவர் காசுக்காக ஒட்டித் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே முதல் வேலை இது. முன்பக்கத்தைத் தூக்கி, சில்லில் பாரம் இல்லாத நிலையில், ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழும் உள்ள நிப்பிள்களில், அதாவது கிறீஸ் ஏற்றும் சிறு முனைகளில், கிறீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்துங்கள். முதலில் கறுப்பாக, மணலும் நரநரப்புமாக வெளியே வரும். பிறகு மண்ணிறமாகும். நீங்கள் ஏற்றிய நிறத்திலேயே வரும்வரை நிறுத்தாதீர்கள். துப்பாக்கி இறுகி எதுவும் போகவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது என்று பொருள். அதைக் கழற்றிப் புதிதைப் போடுங்கள். பிறகு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிறீஸ் போதாது, பாகமே மாற வேண்டும். நான் இப்போது ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுகிறேன், ஓடாமல் நின்றாலும் மாரிக்கு முன் ஒருமுறை.

தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. நம் கடற்கரை வளவுகள் மணல். ஜாக்கியை மணலில் வைத்தால் அது மெல்லப் புதைந்து சரியும். கீழே தடித்த பலகையோ கொங்கிறீட் தட்டோ போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழ் படுக்காதீர்கள், இரும்புத் தாங்கி வையுங்கள். எல்லா வீட்டிலும் மதில் கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல் நாலு கிடக்கும், கை தானாக அதற்குப் போகும். வேண்டவே வேண்டாம். உள்ளே வெறுமையான கல் சொல்லாமல் கொள்ளாமல் வெடித்து நொறுங்கிவிடும்.

ஸ்பனரும் அங்குல அளவில் வாங்குங்கள். 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் பாதி வேலையை முடிக்கும். அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர். ஜப்பான் வண்டிக்கு வைத்திருக்கும் 13 ஸ்பனர் அதில் ஏறும், கொஞ்சம் ஆடும், ஆனால் இறுகிய நட்டில் பலம் கொடுத்தவுடன் மூலைகளை மழுக்கிவிடும். அறுபது வருட நட்டு ஒருமுறை மழுங்கினால் அந்த நாள் போயிற்று.

அடுத்தது கறள். மைனருக்கு லொறியைப் போல உடலைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது. தகர உடலே எலும்பும். கடற்காற்று உள்ள ஊரில் அந்த எலும்பு வெளியே தெரியாமல் கரையும். காரின் நடுவே குறுக்காக ஓடும் கட்டை, முன்னிருந்து வரும் இரண்டு நீளக் கால்கள், கதவின் கீழ் விளிம்பு, பின் வில்லுகள் மாட்டியிருக்கும் இடம், இந்த நான்கையும் பழைய ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தகரம் 'கிண்' என்று சொல்லும். போன தகரம் பப்படம்போல உள்ளே விடும். தார்போன்ற கறுப்புப் பூச்சு தடிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள், அதன் பின்னால்தான் கறள் சுகமாக இருக்கும். கழிவு ஒயிலைக் கீழே பூசுகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது றப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதனால் நான் செய்வதில்லை. நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மெழுகு கலந்த தடுப்பு எண்ணெயை இடுக்குகளுக்குள் பீய்ச்சுகிறேன். இதற்குக் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்கள்போல வசதியான காலம் இல்லை, இரண்டு நாளில் எலும்புவரை காய்ந்துவிடும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். தென்னை ஈர்க்கால் குத்தி அடைப்பெடுங்கள். உலோகக் கம்பி போட்டால் பெயின்ற் கீறிப் புதுக் கறள் தொடங்கும்.

பிறகு பிரேக். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், ஆறு வருடம் நின்றதில் கட்டாயம் உறிஞ்சியிருக்கும். மைனரின் பிரதான சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், விரிப்பின் கீழ் ஒரு தட்டைக் கழற்றினால் தெரியும். அங்கே ஈரம் தேங்கினால் அதுவும் சேர்ந்து கறள் பிடிக்கும். சிலிண்டரைக் கழற்றப் போகும்போது ஒரு தொல்லை வரும்: அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை வெளியே இழுக்கவிடாமல், முன்சில்லுக்கு வில்லாக வேலை செய்யும் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். நான் இதில் ஒரு முழுச் சனிக்கிழமை கிடந்தேன். கடைசியில் தண்டின் பாரத்தை இறக்கித்தான் எடுத்தேன். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை மறுபக்கத்தில் இருந்து செலுத்திவிடுங்கள், அடுத்த முறை அரை மணி நேரத்தில் வெளியே வரும். றப்பர்கள், வளைகுழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எண்ணெய் பெயின்றில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். உங்கள் காரில் முன்சில்லுக்கு 8 அங்குல டிரம் இருக்கும், அது 1962இன் பிற்பகுதியில் 1098 சிசி எஞ்சினோடு வந்தது. என்னுடையது 948 சிசி, 7 அங்குலம். நான் செய்த முதல் 'மேம்பாடு' அந்த 8 அங்குல டிரம்களைத் தேடிப் பூட்டியதுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகு எஞ்சினிடம் வாருங்கள். பற்றரியைப் பூட்டிச் சுவிட்சைத் திருகாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு முன்னால் இருந்து கைப்பிடியைப் பூட்டிக் கையாலேயே சுற்றுங்கள். அந்தக் கைப்பிடி பெரியப்பாவின் டிக்கிக்குள் இருக்கும், இல்லாவிட்டால் தேடி வாங்குங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வந்தால் பிளக்குகளைப் போட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது நான்கு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை எதிர்த்துத் தள்ளும். எது தளர்வாக விடுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக் கருவிகள் சொல்வதை அந்த உள்ளங்கை சொல்லிவிடும்.

ஆறு வருடப் பெற்றோலை முழுக்க வடித்துவிடுங்கள். 'ஈயம் இல்லாத பெற்றோல் இந்த எஞ்சினுக்கு ஆகாது' என்று பலர் பயமுறுத்துவார்கள். வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேயும் என்பது உண்மை. தேய்ந்தால் வால்வு இடைவெளி குறையும். ஆகவே எஞ்சின் ஆறிய நிலையில் 0.012 அங்குலத்துக்கு வைத்து, ஓரிரு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால்தான் சிலிண்டர் தலையைக் கழற்றிக் கடினமான வளையம் போடுவிக்க வேண்டும். என்னுடையதற்கு இன்னும் அந்தத் தேவை வரவில்லை.

தண்ணீர் விடயத்தில் கவனம். நம் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரை றேடியேற்றருக்குள் விட்டுத்தான் எத்தனையோ மைனர்கள் கொதித்தன. எஞ்சினின் பின்பக்கம் கீழே ஒரு வடிகுழாய் இருக்கும். திறந்தால் ஒரு துளியும் வராது. உள்ளே படிந்த சேறு அடைத்திருக்கும். குழாயையே கழற்றிவிட்டு ஒரு கம்பியால் குத்துங்கள், மஞ்சளும் சிவப்புமாகக் கூழ்போல வந்து, பிறகுதான் தண்ணீர் பாயும். நான் மார்கழி மழையைப் பரலில் பிடித்து வடிகட்டி வைத்து, குளிர்விப்புத் திரவத்தோடு கலந்து விடுகிறேன். சூடு கூடுகிறது என்று தேர்மோஸ்ராற்றை, அதாவது சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வை, கழற்றி எறிவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், சேற்றை எடுத்தால் சூடு தானாக இறங்கும்.

காபரேற்றரைச் சரிபார்க்க, எஞ்சின் சூடான பிறகு அதன் ஓரத்தில் உள்ள சிறு ஊசியை மெல்ல மேலே தள்ளி, உள்ளே உள்ள பிஸ்ரனை மயிரிழை உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூடுதல். அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறித் திரும்பப் பழைய ஓட்டத்துக்கு வந்தால் சரி. 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், இந்த ஓர் ஊசியின் தயவில் எனக்கு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மிஞ்சியது.

வேகம் கூட்டுவது? ஜப்பான் எஞ்சின் ஏற்றச் சொல்லிக் கட்டாயம் யாராவது வருவார்கள். அதற்கேற்ற பிரேக்கும் பின் அச்சும் இல்லாத காரில் அது ஆபத்து. எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். உங்களுடைய அதே குடும்பத்து எஞ்சின்தான் மினி காருக்கும் வந்தது, அதனால் இதற்குச் சாமான் இன்னும் கிடைக்கிறது. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் நடந்தால் பெரும்பாலானவை அகப்படும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லி வாங்கினால் வேறொன்றைத் தந்துவிடுவார்கள். மின்சாரத்தில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய வண்டிகளுக்கு எதிர்மாறு. யாராவது முன்பே மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் பற்றரியைப் பூட்ட வேண்டாம்.

முன்சில்லு வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை மட்டும். இந்த வார இறுதியில் காரைத் தூக்க வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். ஓட்டுநர் பக்க விரிப்பை மட்டும் தூக்கி, பிரேக் சிலிண்டரின் மேலுள்ள அந்தத் தட்டைச் சுற்றியுள்ள தகரத்தையும் நடுக்கட்டையின் இரண்டு முனைகளையும் ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். 'கிண்' என்றதா, உள்ளே போனதா என்று கீழே எழுதுங்கள். உள்ளே போனால் ஒட்டு வேலைக்கு எந்த இடத்தில் எவ்வளவு தகரம் வெட்ட வேண்டும் என்பதை நான் படம் எடுத்துப் போடுகிறேன், என்னுடையதில் அதே இடத்தைத்தான் வெட்டினேன்.